சிறு நாட்டின் நாற்றங்கால்

விளையாட்டென்றால் வீண்பொழுது என்று கருதுவோர் இன்னும் நம்மிடையே பலர் உளர். அதிலும், மைதானத்தில் இறங்கி வியர்வை சிந்தாமல் கணனித் திரைக்கு முன்னே அமர்ந்து ஆடும் விளையாட்டென்றால் சொல்லவே வேண்டியதில்லை. இப்பகுதியைத் தவறாது படித்துவரும் தாயார் ஒருவர் அண்மையில் எழுதிய கடிதத்திலும் இக்கவலையே தொனிக்கின்றது. "என் மகன் உயர்தர வகுப்பில் படிக்கிறான். மாலையானால் கணனியில் உதைபந்தாட்டக் கோஷ்டி நடத்துகிறான். பந்தை உதைப்பதுமில்லை, ஓடுவதுமில்லை. பெயர்களையும் இலக்கங்களையும் பார்த்தபடி மணிக்கணக்காக இருக்கிறான். கேட்டால், சான் மரினோ என்னும் நாட்டுக்கு இளம் வீரர்களை உருவாக்குவதாகச் சொல்கிறான். இது என்ன பைத்தியம்?" என்று அவர் வினவுகின்றார்.

வினா நியாயமானதே. ஆயினும், விடை கூறுமுன் அப்பையன் செய்வது யாதென அறிதல் வேண்டும். எங்கள் கல்லூரி விடுதியிலும் இவ்விளையாட்டில் ஈடுபாடு மிக்க மாணவர் சிலர் உளர். அவர்களிடம் கேட்டும், அருகிலிருந்து பார்த்தும் அறிந்தவற்றை இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றேன்.

இவ்வகை விளையாட்டு நேற்று முளைத்ததன்று. 1982ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தைச் சேர்ந்த கெவின் ரொம்ஸ் என்பவர் 'புட்போல் மனேஜர்' என்னும் பெயரில் ஒன்றை ஆக்கி வெளியிட்டார். 1992இல் போல் கொலியர், ஒலிவர் கொலியர் என்னும் சகோதரர் இருவர் 'சம்பியன்ஷிப் மனேஜர்' என்னும் விளையாட்டைக் கொணர்ந்தனர். பின்னர் வெளியீட்டாளருக்கும் அவர்களுக்கும் பிரிவு நேர்ந்தது. அதன் பயனாக, 2004ஆம் ஆண்டு தொடக்கம் அவர்கள் நிறுவனத்தின் விளையாட்டு 'புட்போல் மனேஜர்' என்னும் பெயரில் வெளிவரலாயிற்று. 2025ஆம் ஆண்டுக்குரிய பதிப்பு முற்றாகக் கைவிடப்பட்டு, அதற்கடுத்த பதிப்பு 2025 நவம்பரில் வெளியாயிற்று.

இதில் ஆடுபவன் பந்தைத் தொடுவதில்லை. அவன் முகாமையாளன். யாரை விளையாடவிடுவது, யாருக்கு எப்பயிற்சி அளிப்பது, எவரை விற்பது, கழகத்தின் பணத்தை எதில் இடுவது என்பனவே அவனுக்குரிய கருமங்கள். ஒவ்வொரு வீரனுக்கும் வேகம், உடல் வலு, மனவுறுதி, பந்தைக் கையாளும் திறன் முதலிய பல குணங்கள் 1 முதல் 20 வரையிலான புள்ளிகளால் காட்டப்படும். தாயார் குறிப்பிட்ட இலக்கங்கள் இவையே.

பெரிய நாடு இருக்கச் சிறிய நாடு ஏன்?

பிரேசிலையோ ஜெர்மனியையோ எடுத்து ஆடினால் வெற்றி எளிதன்றோ, இப்பிள்ளைகள் சான் மரினோவை ஏன் தேடிப் போகின்றனர் என்று வாசகர் கேட்கலாம். எளிது என்பதனாலேயே அவர்களுக்கு அது சலித்துவிடுகின்றது. இத்தாலியினால் நாற்புறமும் சூழப்பட்ட சான் மரினோவின் சனத்தொகை ஏறத்தாழ 34,000 மட்டுமே. உலக உதைபந்தாட்டத் தரவரிசையில் கடைசி இடம் அதற்கு எழுதிவைத்தாற்போல் நெடுங்காலம் இருந்துவந்தது. 1993 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில விநாடிகளிலேயே அந்நாட்டு வீரர் ஒருவர் கோல் போட்டு உலகை வியக்க வைத்தார். ஆட்டம் முடிந்தபோது இங்கிலாந்து ஏழு கோல்கள் போட்டிருந்தது. 2004 ஏப்ரலில் லீக்ரென்ஸ்ரைன் நாட்டை ஒரு கோலினால் வென்றது. அதன்பின் இருபது ஆண்டுகளாக ஒரு வெற்றிதானும் இல்லை.

அந்த வறட்சி 2024 செப்டெம்பர் 5ஆந் திகதி முடிவுற்றது. மீண்டும் லீக்ரென்ஸ்ரைனே எதிரி. மீண்டும் ஒரு கோலே வித்தியாசம். அந்தக் கோலைப் போட்டவர் பத்தொன்பது வயது இளைஞரான நிக்கோ சென்சோலி. முந்திய வெற்றி நிகழ்ந்தபோது அவர் பிறந்திருக்கவேயில்லை என்பதை வாசகர் கருதுக. அதே ஆண்டு நவம்பரில் லீக்ரென்ஸ்ரைன் மண்ணிலேயே 3-1 என வென்று, ஐரோப்பிய நாடுகளின் லீக்கில் சான் மரினோ அடுத்த படிக்கு உயர்ந்தது. கணனியில் நம் பிள்ளைகள் காணும் கனவு முற்றிலும் கற்பனையன்று என்பதற்கு இஃதொரு சான்று.

ஆண்டுக்கொரு நாள்

இனி, இளம் வீரர் தோன்றும் முறையைப் பார்ப்போம். இவ்விளையாட்டில் ஒவ்வொரு கழகத்துக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் உண்டு. நாட்டுக்கு நாடு அந்நாள் வேறுபடும்; ஐரோப்பாவின் பல நாடுகளில் அது மார்ச் மாத அளவில் வரும். அன்று பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் கழகத்தின் வாசலில் வந்து நிற்பர். இவர்கள் மெய்யான மனிதரல்லர். கணனி பெயரும் முகமும் குணமும் கொடுத்துப் படைத்தவர்கள். இந்நாளை மாணவர் தீபாவளியை எதிர்பார்ப்பதுபோல எதிர்பார்க்கின்றனர் என்றால் மிகையாகாது.

வரும் பிள்ளைகளின் தரம் வெறும் அதிர்ஷ்டத்தால் மட்டும் அமைவதில்லை. நாட்டில் இளைஞர் ஆட்டம் எவ்வளவு வேரூன்றியுள்ளது, கழகத்தின் இளைஞர் பயிற்சி வசதிகள் எத்தகையன, சிறுவருக்குப் பயிற்சி அளிப்போர் எத்தரத்தவர், பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வலை எவ்வளவு விரிந்தது என்பனவெல்லாம் அதிற் பங்குகொள்கின்றன. இளைஞர் பகுதிக்குத் தலைவராக இருப்பவரின் சுபாவங்கூட வரும் பிள்ளைகளின் சுபாவத்தில் படிகின்றது. கடமையுணர்ச்சி மிக்க ஒருவரை அப்பதவியில் அமர்த்தினால், கடமையுணர்ச்சி மிக்க பிள்ளைகள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஒரு கல்லூரியின் தலைமையாசிரியரைக் கண்டால் அதன் மாணவரை ஊகிக்கலாம் என்று நம் முன்னோர் கூறுவதற்கும் இதற்கும் தூரமில்லை.

இவ்விடத்தில் ஒரு சிக்கலுண்டு. தேசியக் கோஷ்டியின் முகாமையாளன் வீரரை அழைக்கலாம், ஆடவிடலாம். ஆனால் வளர்க்க முடியாது. வளர்ப்பது கழகத்தின் வேலை. எனவே, கைதேர்ந்த மாணவர் தேசியக் கோஷ்டியோடு அந்நாட்டுக் கழகமொன்றையும் சேர்த்து நடத்துவர். சான் மரினோ போன்ற நாடுகளின் உள்ளூர் லீக் இவ்விளையாட்டில் இயல்பாக ஆடக் கிடைப்பதில்லை. ஆர்வலர்கள் தாமே ஆக்கிய இணைப்புக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே ஆட வேண்டும்.

பின்னர் தொடங்குவது பல ஆண்டுத் தவம். உள்ளூர் லீக்கில் வென்று, ஐரோப்பியப் போட்டிகளின் தகுதிச் சுற்றுக்குள் நுழைதல் வேண்டும். அங்கே ஒரு சுற்றைத் தாண்டினாலும் கிடைக்கும் பணம் சிறு கழகத்துக்குப் பெருநிதி. அப்பணத்தை வெளிநாட்டு வீரர் ஒருவரை வாங்குவதில் இட்டால் இவ்வாண்டு மகிழ்ச்சி. பயிற்சி வசதிகளில் இட்டால் பத்தாண்டு கழித்து மகிழ்ச்சி. விளையாட்டின் முழுச் சுவையும் இந்த ஒரு தெரிவிலே அடங்கியிருக்கின்றது. பொறுமையற்றவன் முதலாவதைத் தேர்ந்து, மூன்றாண்டில் வந்த இடத்துக்கே திரும்புகின்றான்.

பிள்ளை வந்தபின்னும் பணி முடிவதில்லை. பதினெட்டு வயதுவரை நல்ல பயிற்சியும், அதன்பின் மெய்யான ஆட்ட அனுபவமும் அவனுக்கு வேண்டும். பெரிய கழகத்தின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும் திறமைசாலி, சிறிய கழகத்தில் வாராவாரம் ஆடும் சாமானியனிலும் பின்தங்கிவிடுவான். ஆகவே, தன் கோஷ்டியில் இடமில்லாதவனை வேறு கழகத்துக்கு இரவலாக அனுப்ப வேண்டும். ஒழுக்கமுள்ள மூத்த வீரரோடு அவனைச் சேர்த்துவிட்டால் அவருடைய நற்குணம் மெல்ல மெல்ல இவனிடம் ஊறும். சோம்பேறியோடு சேர்த்தால் சோம்பலும் அவ்வாறே ஊறும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதைக் கணனிக்குக் கற்பித்தவர் யாரோ, அறியேன்.

ஐஸ்லாந்து செய்த காரியம்

கணனியில் நடப்பது இருக்கட்டும், மெய்யுலகில் இது நடக்குமோ என்பார்க்கு ஐஸ்லாந்தைக் காட்டலாம். பனியும் இருளும் ஆண்டிற் பாதியை விழுங்கும் அத்தீவில் மூன்றரை இலட்சம் அளவினரே வாழ்ந்தனர். குளிர்காலத்தில் வெளி மைதானத்தில் ஆடுதல் அரிது. 2000ஆம் ஆண்டில் கெப்ளவிக் நகரில் முழு அளவான உள்ளக மைதானம் ஒன்று திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு நகரங்களிலும் எழுந்தன. பாடசாலைகளின் பக்கத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு செயற்கைப் புற்றரைகள் அமைக்கப்பட்டன. ஆயினும், கட்டடத்தினும் பெரிது ஆசிரியம். 2016 அளவில் அந்நாட்டில் ஐரோப்பியச் சம்மேளனத்தின் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் அறுநூறு பேரளவில் இருந்தனர். ஆறு வயதுக் குழந்தைக்கும் பயின்று தேர்ந்த பயிற்றுநரே பந்தைக் காட்டிக் கொடுத்தார் என்பதுதான் சிறப்பு.

விளைவு உடனே தெரியவில்லை. 2010இல் அந்நாட்டின் 21 வயதுக்குட்பட்டோர் கோஷ்டி ஜெர்மனியை 4-1 என வென்றபோது அதைக் கவனித்தவர் சிலரே. அடுத்த ஆண்டு அவ்வயதினருக்கான ஐரோப்பியப் போட்டியில் அக்கோஷ்டி இடம்பெற்றது. 2012இல் நாட்டின் உலகத் தரவரிசை 131ஆகவே இருந்தது. ஆனால் அந்த இளைஞர் முதிர்ந்தனர். 2016 யூன் 27இல் பிரான்சின் நீஸ் நகரில் இங்கிலாந்தை 2-1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தின் கால் இறுதிக்குப் போயினர். 2018 பெப்ரவரியில் தரவரிசையில் 18ஆம் இடம் கிடைத்தது. அவ்வாண்டு, உலகக் கிண்ணத்தில் அதுவரை ஆடிய நாடுகளுள் மிகச் சிறியது என்னும் பெயரோடு ரஷ்யாவுக்குச் சென்று, முதலாட்டத்தில் ஆர்ஜென்ரீனாவுடன் 1-1 எனச் சமநிலை கண்டனர்.

கட்டடம் எழும்பியதற்கும் கனி கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் கழிந்தன. நாற்றங்காலை விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதும், விடாமற் காத்தாலும் எல்லாப் போகமும் ஒன்றுபோல் விளையாது என்பதும் உழவன் அறிந்தவை. 2018க்குப் பின், 2026 உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்று முடியும்வரை, ஐஸ்லாந்தின் ஆண்கள் கோஷ்டி எந்தப் பெரும் போட்டிக்கும் தகுதி பெறவில்லை. ஒரு தலைமுறை ஓய்ந்து மறு தலைமுறை எழும் இடைவெளி சிறு நாட்டுக்கு மிக நீண்டது. கணனியில் ஆடும் மாணவன் இதையும் அனுபவிக்கின்றான். அரிதாய்க் கிடைத்த நான்கு வீரர் ஒரே வயதினராயிருப்பின், அவர்கள் முப்பத்து நான்கை எட்டும் ஆண்டில் அவனது கோட்டை ஒருங்கே சரிகின்றது. ஆதலின், கெட்டிக்காரன் வெற்றிக் காலத்திலேயே அடுத்த நாற்றுக்கு விதை போடுகின்றான்.

சிறு நாட்டுக்கு வேறொரு வழியும் உண்டு. கடல் கடந்து சென்ற தன் மக்களின் பிள்ளைகளைத் தேடி அழைத்தலே அது. 2025 நவம்பர் 18இல் ஜமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில் கோலின்றிச் சமநிலை கண்டு, 2026 உலகக் கிண்ணத்துக்குக் குராசோ தகுதி பெற்றது. ஒன்றரை இலட்சம் அளவினரே வாழும் அத்தீவு ஐஸ்லாந்தின் சாதனையை முறியடித்தது. அக்கோஷ்டியினருள் மிகப் பலர் நெதர்லாந்தில் பிறந்து, அந்நாட்டின் கழகங்களில் பயிற்சி பெற்றவர்கள். பாட்டனாரின் ஊருக்காக ஆட முன்வந்த அவர்களைக் குறைசொல்லல் தகாது. எனினும், பிறர் வயலில் வளர்ந்த நாற்றைக் கொணர்ந்து நடுவது தன் வயலிலேயே நாற்றங்கால் அமைப்பதற்கு ஈடாகுமா என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. வந்தவரின் வெற்றியைக் கண்டு உள்ளூர்ப் பையன் பந்தைக் கையிலெடுத்தால், அவனுக்குக் கற்பிக்கப் பயிற்றுநர் ஒருவர் அங்கே இருத்தல் வேண்டுமன்றோ?

மறைந்திருக்கும் எண்

இனி, ஆசிரியன் என்ற முறையில் என் மனத்தை உறுத்தும் ஒரு செய்தியைக் கூறவேண்டும். இவ்விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் கண்ணுக்குப் புலனாகாத இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று, அவனது இன்றைய ஆற்றல். மற்றையது, அவன் எட்டக்கூடிய எல்லை. இரண்டும் இருநூறுக்கு உட்பட்டவை. எல்லை எண் 90 என்றிருப்பின், எத்துணைச் சிறந்த பயிற்றுநர் வந்தாலும், எத்துணை முயன்றாலும், அப்பிள்ளை அதனைத் தாண்டான். பிறந்த அன்றே தலையில் எழுதப்பட்ட எழுத்து!

வகுப்பறையில் இருபதாண்டு கழித்தவன் இதை எங்ஙனம் ஒப்புவான்? எட்டாம் வகுப்பில் எவரும் பொருட்படுத்தாத பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் எழுந்து நின்றதைக் காணாத ஆசிரியர் எவரும் இலர்.

ஆனால் விளையாட்டை ஆக்கியோரும் இதை அறியாதவரல்லர் என்பது பின்னர்த் தெரிந்தது. அந்த எண் முகாமையாளனுக்குக் காட்டப்படுவதில்லை. பயிற்றுநரும் வீரரைத் தேடுவோரும் நட்சத்திரக் குறிகளால் தம் மதிப்பீட்டைக் கூறுவர். அது தவறவுங் கூடும். அந்நட்சத்திரங்களும் அவரவர் கோஷ்டியின் தரத்தை வைத்தே இடப்படுகின்றன. சான் மரினோவில் நான்கு நட்சத்திரம் பெறுபவன் மிலான் நகரத்துக் கழகமொன்றில் அரை நட்சத்திரமும் பெறான். மேலும், மெய்யான இளம் வீரர் பலருக்கு நிச்சயமான எல்லை எண்ணே கொடுக்கப்படுவதில்லை. ஓர் எல்லைக்குள் ஏதேனும் ஒன்றை ஆட்டம் தொடங்கும்போது கணனியே தெரிகின்றது. எனவே அதே பையன் ஒரு முறை ஆடும்போது உலகப் புகழ் பெறுவான். மறுமுறை அத்துணை உயரம் எட்டாமலே நின்றுவிடுவான்.

மெய்யுலகில் நடந்ததொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. காம்பியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர் சேர்னோ சம்பா. 2001இல் வெளிவந்த சம்பியன்ஷிப் மனேஜர் பதிப்பில், பதின்ம வயதினரான அவரே ஒப்பற்ற எதிர்கால வீரர். அவரை வாங்காத ஆட்டக்காரர் அக்காலத்தில் அரியர். ஆயின், மெய்யான வாழ்வில் அவர் தம் மில்வோல் கழகத்தின் முதற்கோஷ்டிக்கு ஆடாமலே வெளியேறினார். பல நாட்டுக் கழகங்களில் அலைந்தார். காம்பியாவுக்காக ஒரு சில ஆட்டங்களே ஆடினார். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே பெரியோர் இடும் எண் எவ்வளவு பாரமானது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. அந்தக் காம்பியாவோ, அவர் காலத்துக்குப் பின், 2022 தொடக்கத்தில் நடந்த ஆபிரிக்கக் கிண்ணத்தில் முதன்முறையாகப் பங்குபற்றிக் கால் இறுதி வரை முன்னேறியது. அதனைச் செய்தவர்கள் கணனி கொண்டாடாத வேறு பிள்ளைகள்.

ஆகவே, கடிதமெழுதிய தாயாருக்கும் அவர் போன்ற பெற்றாருக்கும் சொல்லக்கூடியது இது. மகன் செய்வது பைத்தியமன்று. வரவு செலவு பார்த்தலும், நெடுநாட் பயனை எண்ணி இன்றைய ஆசையை ஒத்திவைத்தலும், தோற்ற பின் காரணம் தேடலும் அவனுக்கு அங்கே பழக்கமாகின்றன. ஆனால், அவ்விளையாட்டில் ஓராண்டு சில மணி நேரத்தில் கழிந்துவிடும். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய ஓராண்டு அவ்வாறு கழியாது, கழிந்தால் மீளாது. ஆதலின் நேரத்துக்கு வரம்பிடுங்கள். பின்னேரத்தில் ஒருமணி நேரமேனும் மெய்யான மைதானத்துக்கு அனுப்புங்கள். ஒரு நாள் அவன் பக்கத்தில் அமர்ந்து, அவன் நாட்டில் இவ்வாண்டு வந்த பிள்ளைகள் யார் என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டான்.

அவ்வாறு கேட்கும்போது இன்னுமொன்றையும் கேட்டுவைப்பது நன்று. வாசலுக்கு வந்த பதினைந்து பேரில் இருவரையோ மூவரையோ எடுத்துக்கொண்டால், மற்றையோர் என்ன ஆயினர்? கணனியில் அதற்கு விடையில்லை. ஒப்பந்தம் கொடுக்கப்படாத பெயர்கள் திரையிலிருந்து நீங்கிவிடும். மெய்யான சிறு நாடு அங்ஙனம் எவரையும் நீக்கிவிட இயலாது. அதற்கு மனிதர் போதார். ஐஸ்லாந்தை உலகக் கிண்ணத்துக்கு இட்டுச்சென்ற பயிற்றுநர் ஹெய்மிர் ஹல்கிரிம்சன் பல் வைத்தியர். அங்கே மெஸ்ஸியின் பெனல்ரி உதையைத் தடுத்த கோல் காப்பாளர் ஹன்னஸ் ஹல்டோர்சன் திரைப்பட இயக்குநர். 1990 செப்டெம்பரில் சுவீடனின் லான்ட்ஸ்குரோனாவில், சொந்த நாட்டிற் புற்றரை இல்லாமையால் அயல்நாட்டு மைதானத்தில் ஆடி, ஒஸ்திரியாவை 1-0 என வென்ற பரோ தீவுகளின் கோஷ்டியிலும் வேறு தொழில் செய்து பிழைத்தவர்களே இருந்தனர்.

நம் வகுப்பறைகளிலும் தெரிவுசெய்யப்படாத பன்னிருவர் ஆண்டுதோறும் எழுந்து போகின்றனர். நாளைய பயிற்றுநரும், மத்தியஸ்தரும், தம் பிள்ளையைக் கைப்பிடித்து மைதானத்துக்கு அழைத்துவரும் தந்தையும் அவர்களுக்குள்ளேதான் இருக்கின்றனர். அவர்களுடைய பெயர்களை நினைவில் வைத்திருப்பவர் யார்?